காலடி மண்ணுக்குப் பதிலாக

1

கூரியர் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். இந்தியாவிலிருந்து என் மனைவி ருக்மிணி பெயருக்கு வந்த பார்சல் சுங்கத்தில் நிற்கிறதாம். உள்ளே இருப்பதில் ஒன்றை ‘உலர்ந்த வேர், உட்புறம் நீல நிறம்’ என்று குறித்து வைத்திருக்கிறார்களாம். அதை எதற்காகப் பயன்படுத்துவீர்கள் என்று கேட்டாள்.

இங்கே கொவென்ட்ரியில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். கை முழுக்க கிரீஸ். என்ன சொல்வது? என் மனைவிக்கும் மகளுக்கும் பேச்சு நின்றுபோய்விட்டது தாயே, அது திரும்பி வருவதற்காக வரவழைத்த கருமஞ்சள் இது என்று சொன்னால் அதற்கு எந்தப் படிவம் தருவாள்? “சமையலுக்கு” என்றேன். சமையல் என்றால் உணவுப்பொருள், அதற்குச் சான்றிதழ் வேண்டும் என்றாள். “பூஜைக்கு” என்றேன். பூஜைக்கு எழுத்துக் கூட்டச் சொன்னாள். இரண்டு முறை கூட்டினேன். பிறகு அவளே இரக்கப்பட்டு, “அலங்காரப் பொருள் என்று போட்டுக்கொள்ளட்டுமா?” என்றாள். போட்டுக்கொள் அம்மா, நன்றாயிரு என்றேன். இந்த நாட்டில் எதற்கும் ஒரு கட்டம் உண்டு. அதற்குள் நம்மை மடக்கி வைக்கத்தான் மூச்சு வாங்குகிறது.

நாங்கள் இந்த ஊரில் வந்து இறங்கிய நாளும் அன்றைக்குத்தான். வருஷா வருஷம் அன்று ருக்மிணி ஒரு பாயசம் வைப்பாள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும். இந்த வருஷம் அடுப்புப் பக்கமே போகவில்லை. “சாக்காய்த்து” என்றாள். பாகலூர்க்காரி, அலுப்பு தலைக்கேறினால் கன்னடம்தான் வரும். போதும் போதும் என்றாகிவிட்டது என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தாள். டி.வி.யைப் போடவில்லை.

நடந்தது இதுதான். பொங்கலுக்கு வந்திருந்த எங்கள் மகள் பூர்ணிமாவின் போட்டோவை ருக்மிணி அவளுக்குத் தெரியாமல் ஊரில் ஒரு வரன் பார்க்கும் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டாள். கெலமங்கலத்தில் ஒரு பையனின் அம்மா, நம்பரை எப்படியோ பிடித்து, நேராகப் பூர்ணிமாவுக்கே “பொட்டு வெச்ச போட்டோ ஒண்ணு அனுப்பும்மா” என்று செய்தி அனுப்பிவிட்டாள். அவ்வளவுதான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. பிள்ளை பெட்டியை எடுத்துக்கொண்டு, வேலை பார்க்கும் பிரிஸ்டலுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எனக்கு மட்டும் போன். “அம்மாகிட்ட சொல்லுங்க, என் குளிர் கோட்டு அங்கயே இருக்கட்டும்.” ருக்மிணி அடுப்படியிலிருந்து, “அவகிட்ட சொல்லுங்க, கோட்ட நான் ஒண்ணும் தின்னுட மாட்டன்.” நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு இரண்டையும் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மத்தளத்துக்காவது இரண்டு பக்கமும் அடிக்கும்போது சத்தம் வரும். எனக்கு அதுவும் இல்லை.

2

பார்சல் அனுப்பியது முனிரத்தினம். ஓசூர் சிப்காட்டில் டூல் ரூமில் என்னோடு வேலை பார்த்தவன். என்னைவிடச் சின்னவன், கைவேலை சுத்தமானவன். நான் இங்கே வந்த பிறகு அந்தப் பிளான்ட்டில் ஒரு லைனை மூடிவிட்டார்கள். அவனையும் கையில் கொஞ்சம் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் ஊர் சூளகிரி. அங்கே ஹைவே ஓரத்தில் புதிதாக வந்த கம்பெனிகளில் ஏறி இறங்கினான். எல்லோருக்கும் சின்னப் பையன்கள்தான் வேண்டியிருந்தது.

ஒரு நாள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது புத்தகக் கடையில் இரண்டு புத்தகம் வாங்கினானாம். அந்தக் கடை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லா பஸ் ஸ்டாண்டிலும் அதே கடைதான். வெல்டிங் கற்றுக்கொள்ள ஒன்று, சில நாட்களில் கன்னடம் பேச ஒன்று, ஊறுகாய் போட ஒன்று, அதன் தோளை உரசிக்கொண்டே மாந்திரீகம். எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை, ஒரே காகிதம். முனிரத்தினம் வாங்கியது கோழி வளர்ப்பும் மாந்திரீகமும். கோழி ஒரு மழைக்காலத்தில் மொத்தமாகப் போய்விட்டது.

“கோழிக்குச் சீக்கு வருதுணா. மந்திரத்துக்கு வராது” என்றான் என்னிடம்.

நான் போனமுறை ஊருக்குப் போயிருந்தபோது அவன் வீட்டில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் நன்றாகவே எழுதியிருந்தது. தேவையான பொருள், நாள், திசை, எத்தனை உரு ஜெபிக்க வேண்டும், எல்லாம் வரிசையாக. நாங்கள் மெஷினுக்குப் பக்கத்தில் மாட்டுகிற வேலைக் குறிப்புகூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. ஆனால் ஒவ்வொரு பிரயோகமும் போய்ப்போய் ஒரே இடத்தில் நின்றுவிடும். ‘மற்றவை குருமுகமாக அறிக.’

“குருவ எங்கணா போயி தேடறது? நம்ம பக்கம் மந்திரிச்சவங்க புள்ளைங்க எல்லாம் இப்ப கம்பெனில ஷிப்ட்டு போறாங்க. அதான் நானே டிரையல் எடுத்து மீதிய எழுதிட்டன்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுதி, டைப் செய்து, லேமினேட் செய்து வைத்திருக்கிறான். மூலையில் திருத்த எண்கூடப் போட்டிருக்கிறான். குடும்ப ஒற்றுமைத் தாள், ரெவிஷன் நாலு. எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. சுத்தமாக இல்லாத வேலையை அவன் எந்தக் காலத்திலும் வெளியே விட்டதில்லை.

அவனிடம் வருகிறவர்களில் பாதி வெளிநாட்டுக்காரர்கள். துபாய், சிங்கப்பூர், எங்களைப் போல இங்கே இருப்பவர்கள். வீடியோ காலில் பார்த்துச் சொல்லிக் கொடுக்கிறான். எனக்குத் தெரியாமல் ருக்மிணியும் அந்த வரிசையில் நின்றிருக்கிறாள் என்பது அவன் பார்சலை அனுப்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நாங்கள் இங்கே வாழ்ந்ததே கைநூலை வைத்துத்தானே. கார் ஓட்ட ஒரு கைநூல். குடியுரிமைத் தேர்வுக்கு ஒன்று. அதில் இந்த நாட்டு ராஜாக்களின் கல்யாணக் கதையை எல்லாம் மனப்பாடம் செய்தோம். பூர்ணிமா பிறந்தபோது நர்ஸ் ஒரு புத்தகம் கொடுத்தாள். பிள்ளை அழுதால் எந்தப் பக்கம், சளி பிடித்தால் எந்தப் பக்கம். ருக்மிணி பிள்ளையை ஒரு தோளிலும் புத்தகத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் மனுஷன் புத்தகத்தைத்தான் கேட்பான். பெரிய பிள்ளை பேசாமல் போனால் எந்தப் பக்கம் என்று அந்த நர்ஸ் கொடுத்த புத்தகத்தில் இல்லை. அவள் வேறு புத்தகத்துக்குப் போனாள்.

3

அந்தத் தாளில் வேர், சிவப்பு நூல், செப்புத் தகடு எல்லாம் இருந்தது. ஒன்று மட்டும் ஊரிலிருந்து அனுப்ப முடியாதது. வரவேண்டியவளின் காலடி மண்.

“நீங்கதான் போயிட்டு வரீங்களே, எடுத்துட்டு வாங்க” என்றாள் ருக்மிணி.

“பிரிஸ்டல்ல அவ இருக்கறது மூணாவது மாடிடி. கார்ப்பெட் போட்டிருக்கு. மண்ணுக்கு நான் எங்க போவன்?”

அவளுக்கும் அது தோன்றியிருக்கிறது. உடனே வீடியோ காலில் முனிரத்தினத்தைக் கூப்பிட்டாள். அவன் நெற்றியில் பெரிய குங்குமம், பின்னால் சுவரில் பழைய பிளான்ட்டில் கொடுத்த பாதுகாப்பு வாரக் கேடயம். “அண்ணி, அது எல்லா ஃபாரின் பார்ட்டிக்கும் வர்ர பிரச்சினதான். ஷூவுல ஒட்டியிருக்கற தூசி போதும். நான் டீவியேஷன் குடுத்துடறன்” என்றான்.

டீவியேஷன் என்பது எங்கள் தொழிலில் உள்ள வார்த்தை. கேட்ட பொருள் கிடைக்காதபோது, பரவாயில்லை, இந்த ஒரு முறை இதைப் போட்டு ஓட்டிக்கொள் என்று மேலே இருப்பவர் கொடுக்கும் அனுமதி. இருபத்தைந்து வருஷமாக இங்கே நாங்கள் அதில்தான் ஓடுகிறோம். முருங்கைக்கீரைக்குப் பதில் பாலக், வாழை இலைக்குப் பதில் பேப்பர் தட்டு, அண்ணன் தம்பிக்குப் பதில் போன்.

சனிக்கிழமை பிரிஸ்டலுக்குப் போனேன். நாலு பெண்கள் சேர்ந்து எடுத்திருக்கும் வீடு. பூர்ணிமா ஒரு பிராணிகள் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள். மேஜைமேல் மெழுகுவர்த்திகள், உப்புக் கிண்ணம், காய்ந்த செடிகள். நடுவில் தடிமனாக ஒரு புத்தகம். அட்டையில் பிறை.

“இது என்னம்மா?”

“விட்ச்கிராஃப்ட்பா, இங்கத்து மந்திரம். பயப்படாதீங்க. யாருக்கும் கெட்டது பண்ற விஷயம் இல்ல.”

பயப்படவில்லை. வாங்கிப் புரட்டினேன். தேவையான பொருள், நாள், நிலவு எந்த நிலையில் இருக்க வேண்டும், படி ஒன்று, படி இரண்டு. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததை யாரோ வழவழத் தாளில் அச்சடித்து, பூப்போட்ட படங்களோடு கொடுத்தது போல இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம். இதில் குருமுகமாக என்கிற பேச்சே இல்லை. அதற்குப் பதிலாக, எந்தச் செடி கிடைக்காவிட்டாலும் ரோஸ்மேரி போடு, எந்த நிற மெழுகுவர்த்தி இல்லாவிட்டாலும் வெள்ளையை ஏற்று, சந்தேகம் வந்தால் உன் மனசு சொல்வதைக் கேள் என்று போட்டிருந்தது.

“எல்லாம் உன் மனசு சொல்றபடின்னா, புக்கு எதுக்கு?” என்றேன்.

“எல்லாருக்கும் மொதல்ல புக்குதான்பா. எனக்குத் தெரிஞ்சவங்க யாருக்கும் டீச்சர் கிடையாது. ரொம்ப பழசுன்னு சொல்லிக்குவாங்க, ஆனா பாதிக்கு மேல போன நூற்றாண்டுல யாரோ புக்கு எழுதினதுலேருந்து வந்தது. அத இன்னொருத்தங்க பார்த்து எழுதினாங்க. அத இன்னொருத்தங்க. எனக்கு அது தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சா என்ன? தனியா இருக்கும்போது, அடுத்தது இதப் பண்ணுன்னு யாராவது சொன்னா நல்லா இருக்கு.”

எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. பாகலூர் பக்கத்தில் நான் சின்ன வயதில் பார்த்த மந்திரிக்கிற ஆள் ஒருவர், வந்தவரை முதலில் உட்காரவைத்து, யாரோடு சண்டை, என்ன சண்டை என்று பொறுமையாகக் கேட்பார். பாதிப்பேர் அதிலேயே அழுது முடித்துவிட்டு, தாயத்துகூட வாங்காமல் எழுந்து போவார்கள். அந்தக் கேள்வி எந்தப் புத்தகத்தில் அச்சாகும் என்று யோசித்தபடி டீயைக் குடித்தேன்.

அப்போதுதான் பிள்ளை கேட்டாள். “அப்பா, எனக்கு ஒண்ணு வேணும். அம்மா கட்டின துணிலேருந்து கொஞ்சம் நூல்.”

“எதுக்கு?”

புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு மெழுகுவர்த்தி. ஒன்று செய்கிறவர், ஒன்று எதிராளி. நடுவில் நூலைக் கட்டி இரண்டையும் ஏற்ற வேண்டும். சுடர் இறங்கி வரும்போது நூல் எரிந்து அறும். கட்டு விட்டுப் போகும்.

“அம்மாவ வெட்டறதுக்கு இல்லப்பா” என்று அவசரமாகச் சொன்னாள். அவள் தமிழ் அப்படித்தான், நல்லதைச் சொல்லப் போய் மிரள வைக்கும். “இந்த வலியத்தான் வெட்டணும். தெனமும் அம்மாகூட மனசுக்குள்ள சண்டை போட்டுட்டே இருக்கேன். தூக்கம் இல்ல.”

சரிம்மா என்று சொன்னேன். அங்கே ஒருத்தி இவளைக் கட்டி இழுக்க இவள் காலடி மண் கேட்கிறாள். இங்கே இவள் அறுத்துக்கொண்டு போக அவள் நூல் கேட்கிறாள். இரண்டுக்கும் கூலியாள் நான்.

4

கிளம்பும்போது அவள் உள்ளே எனக்கு ஏதோ தின்பண்டம் கட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பு அடுக்கு. அவளுடைய கறுப்பு பூட்ஸ் மேலே இருந்தது. ஒன்றை எடுத்துக் கையில் பிடித்தேன். இன்னொரு கையில் மடித்த செய்தித்தாள். தட்டினால் போதும்.

கூட இருக்கும் வெல்ஷ் பெண் ஒருத்தி குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்து நின்றாள். “எல்லாம் சரிதானே?” என்று கேட்டாள்.

“கிளீனிங்” என்றேன். தோழியின் அப்பா மகளின் பூட்ஸைத் துடைக்கிறார் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “சோ ஸ்வீட்” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கர்மமே என்று பூட்ஸை வைத்துவிட்டேன்.

என்னால் முடியவில்லை. எனக்கு மந்திரத்தில் நம்பிக்கை கிடையாது. டூல் ரூமில் வருஷா வருஷம் ஆயுதபூஜைக்குப் பூசணிக்காய் உடைக்கும்போதுகூட, வழுக்கி விழாமல் யார் கழுவுவது என்றுதான் நினைப்பேன். ஆனாலும் பெற்ற பிள்ளையின் காலடித் தூசியை அவளுக்குத் தெரியாமல் திருடிக்கொண்டு போகக் கை வரவில்லை. திரும்பும் வழியில், மோட்டார்வேயில் சாப்பிட நிறுத்தும் இடத்தில், கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என் சொந்த ஷூவைக் கழற்றி அந்தச் செய்தித்தாளில் தட்டினேன். கொஞ்சம் மண், கொஞ்சம் உலோகத் தூள். மடித்து வைத்துக்கொண்டேன்.

நூல் விஷயமும் அப்படியே முடிந்தது. ருக்மிணி வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போன பிறகு அவள் அலமாரியைத் திறந்தேன். பழைய சேலைகள். தொட்டேன். அவள் வாசனை. மகள் அறுத்து எரிப்பதற்காக அதிலிருந்து நூலை உருவ எனக்கு என்ன தலையெழுத்து? அலமாரியை மூடினேன். கொடியில் கிடந்த என் பழைய லுங்கியின் ஓரத்தில் நாலு இழை உருவி, முறுக்கி, கவரில் போட்டுப் பிரிஸ்டலுக்கு அனுப்பிவிட்டேன். அசல் இல்லாவிட்டால் அதே தரத்தில் வேறு போடலாம் என்பது நான் கற்ற தொழில். இந்த இடத்தில் தரம் என்றால் என்ன என்று அப்போது யோசிக்கவில்லை.

5

ருக்மிணிக்கு முனிரத்தினம் குறித்துக் கொடுத்தது வெள்ளிக்கிழமை. பூர்ணிமாவும் நிலவு பார்த்து அதே வெள்ளிக்கிழமையைத்தான் எடுத்திருந்தாள். இருவரும் கலந்து பேசியிருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காக அமைந்திருக்காது.

வாசற்படிக்குக் கீழே புதைக்க வேண்டுமாம். எங்கள் வாசல் கான்கிரீட். மறுபடியும் வீடியோ கால், மறுபடியும் ஒரு டீவியேஷன், வாசலில் ஒரு பூந்தொட்டி. ருக்மிணி வேரையும் தகட்டையும் என் ஷூ தூசியையும் சிவப்பு நூலால் கட்டி, மல்லிகை என்று சொல்லி விற்கிறார்களே இங்கே, வாசனை இல்லாத ஒரு செடி, அதன் அடியில் வைத்தாள். போனில் முனிரத்தினம், “அண்ணி, நாலாவது ஸ்டெப்ப தாண்டிட்டீங்க. பேரச் சொல்லணும்” என்றான்.

அவள் மகளின் பெயரைச் சொன்னாள். மூன்று முறை. மூன்றாவது முறை சொல்லும்போது தொட்டி மண்ணைத் தட்டிக்கொடுத்தாள். “வந்துடும்மா” என்றாள். அது தாளில் இல்லை.

நான் சன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்படியே நின்றேன். என்னை வசியம் செய்ய அவளுக்கு என்றைக்குமே தாள் தேவைப்பட்டதில்லை.

அன்றிலிருந்து பூர்ணிமாவின் போன் நின்றுவிட்டது. வழக்கமாக வாரத்தில் இரண்டு முறையாவது பேசுவாள். ஞாயிறு போயிற்று. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. “பிஸிப்பா” என்று ஒரு செய்தி, அவ்வளவுதான். வேலையில் ஒரு மெஷின் பெல்ட்டைத் தப்பாக மாட்டி, கூட இருந்த பையன் பார்த்துச் சொன்ன பிறகு கழற்றினேன். அறுந்தது என் நூல்தானே! இந்த முட்டாள்தனத்தை யாரிடம் சொல்லி அழுவது? பஸ் ஸ்டாண்டு புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தவன், ராத்தூக்கம் இல்லாமல் லுங்கியின் ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பிக்கை உள்ளவர்களுக்காவது பரிகாரம் உண்டு.

ருக்மிணி தினமும் காலையில் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாள். “போன் வந்துதா?” என்று என்னைக் கேட்பாள். இல்லை என்பேன். “சாக்காய்த்து” என்று உள்ளே போவாள்.

6

அடுத்த சனிக்கிழமை காலை பூர்ணிமாவிடமிருந்து செய்தி வந்தது. ‘ஸ்டேஷனில் இருக்கிறேன். வாங்க.’

காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். இளைத்திருந்தாள். பையைப் பின்னால் போட்டுவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். பெல்ட்டைப் போட்டாள். நான் கிளப்பவில்லை.

“அப்பா, அம்மா எப்பப்பா நீலக் கட்டம் போட்ட துணி கட்டினாங்க?”

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. “பாத்துட்டியா?”

“அது உங்க லுங்கி. கவரத் திறந்ததுமே தெரிஞ்சுது.”

“அப்ப நீ எரிக்கல.” எனக்கு உயிர் வந்தது.

“எரிச்சேன்பா.”

பின்னால் ஒரு டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். காரை நகர்த்தி ஓரமாக நிறுத்தினேன்.

“கோவமா எம்மேல?”

“கோவமில்ல. அதுல, யாருகூட இருக்கற கட்டுன்னு நல்லா யோசிச்சுப் பேரச் சொல்லுன்னு போட்டிருக்கு. உக்காந்து யோசிச்சேன். அம்மாகூட எனக்குக் கட்டே இல்ல. எட்டு மாசமா அம்மா என்ன சொன்னாங்கன்னு எனக்கு எதுவுமே தெரியாது. நீங்க சொன்னதுதான் தெரியும். எனக்கு கோட்டு வேணாம்னு நான் கத்தினா, நீங்க அம்மாகிட்ட ‘பாப்பா உன்னக் கேட்டா’ன்னு சொல்லியிருப்பீங்க. சொன்னீங்களா இல்லையா?”

“நல்லதுக்குத்தானம்மா.”

“தெரியும்பா. நல்லதுக்குத்தான். ஆனா நடுவுல இருந்த கட்டு நீங்கதான். அதான் உங்க பேரச் சொன்னேன்.”

அவள் என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் வண்டியைக் கிளப்பினேன். வழியில் இரண்டு சிக்னல். இரண்டிலும் எனக்குப் பின்னால் இருந்தவர்கள்தான் பச்சை வந்துவிட்டது என்று சொன்னார்கள்.

ருக்மிணி கதவைத் திறந்தாள். மகளைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது, உடனே மூடிக்கொண்டது. வீம்பு. என் பக்கம் திரும்பி, “வந்தவளுக்கு டீ வேணுமான்னு கேளுங்க” என்றாள்.

பழக்கதோஷம், நான் வாயைத் திறந்துவிட்டேன். பூர்ணிமா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“அப்பா, நீங்க சும்மா இருங்க. அம்மா, எனக்கு டீ வேணும். என்னையே கேளுங்க.”

ருக்மிணி அடுப்படிக்குப் போனாள். இவள் பின்னாலேயே போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. பிறகு ஆரம்பித்தது. என் போட்டோவ என்னக் கேக்காம எப்படிப் போடுவீங்க? பெத்தவளுக்கு அந்த உரிமைகூட இல்லியாடி? உரிமையா, அது என் மூஞ்சி! தமிழில் தொடங்கி, ஆங்கிலத்தில் ஏறி, ருக்மிணி கன்னடத்துக்குப் போக, அரைகுறைக் கன்னடத்தில் இவள் திருப்பிக் கொடுக்க, தட்டு ஒன்று விழுந்தது. எட்டு மாசமா ஒரு வார்த்த இல்ல, நான் செத்தனா இருந்தனான்னு கேட்டியா? நீங்க கேட்டீங்களா? ருக்மிணியின் அழுகை கேட்டது. பிறகு இன்னொரு அழுகை.

பொறுக்காமல் போய் அடுப்படி வாசலில் நின்றேன். இருவரும் மூக்கு சிவந்து, ஒரே முகமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீங்க போங்க” என்றாள் ருக்மிணி.

“நீங்க போங்கப்பா” என்றாள் மகள்.

போனேன். மாடிப்படியில் உட்கார்ந்தேன். உள்ளே சத்தம் ஓயவில்லை. ஆனால் அவளிடம் சொல்லுங்க, அம்மாவிடம் சொல்லுங்க என்று ஒரு குரல்கூட என்னைத் தேடி வரவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷம்தான் என்று உங்களுக்கு எழுத ஆசை. பாதி அதுதான். மீதிப் பாதி, இனிமேல் இந்த வீட்டில் என்னிடம் பேச யாருக்கு என்ன இருக்கும் என்கிற பயம்.